மாஸ்டா ஆர்எக்ஸ்-8: நான்கு ஸ்பார்க் பிளக்குகளையும் வீட்டிலேயே மாற்றலாமா?

கேள்வி: குளிர்நாட்டு எட்டு

அனைவருக்கும் வணக்கம். நான் இங்கிலாந்தில் லெஸ்டருக்கு அருகில் வசிக்கிறேன். 2005ஆம் ஆண்டு மாஸ்டா ஆர்எக்ஸ்-8 ஒன்றைச் சென்ற கோடையில் வாங்கினேன். ஆறு கியர் கொண்ட, 231 பிஎஸ் திறனுள்ள வகை. இதுவரை 61,000 மைல் ஓடியிருக்கிறது. முன்பு வைத்திருந்தவர் எண்ணெய் மாற்றிய ரசீதுகளை எல்லாம் ஒழுங்காகச் சேர்த்து வைத்திருந்தார். ஆனால் ஸ்பார்க் பிளக் மாற்றியதற்கான ரசீது அவற்றுள் ஒன்றுகூட இல்லை.

கடந்த மூன்று வாரங்களாகக் காலையில் என்ஜினை உயிர்ப்பிக்க ஸ்டார்ட்டரை வழக்கத்தைவிட நீண்ட நேரம் சுழற்ற வேண்டியிருக்கிறது. சூடேறிய பிறகு மூன்றாம் கியரில் அழுத்தி மிதித்தால் சுமார் 5,000 சுற்றுக்கு மேல் வண்டி உதறுகிறது. எச்சரிக்கை விளக்கு சில நொடிகள் விட்டுவிட்டு எரிந்து அணைகிறது. குறியீடு படிக்கும் சிறு கருவியை இணைத்துப் பார்த்தபோது பி0302 என்று காட்டியது.

அருகிலிருக்கும் ஒரு பட்டறையில் கேட்டேன். ரோட்டரி என்ஜினில் (பிஸ்டனுக்குப் பதிலாக முக்கோண ரோட்டர் சுழலும் வகை) தாங்கள் கை வைப்பதில்லை என்று தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். என் முந்தைய காரில் பிளக்குகளையும் பிரேக் பேடுகளையும் நானே மாற்றியிருக்கிறேன், எனவே கருவிகளைக் கையாளும் பழக்கம் உண்டு. ஆனால் இந்த என்ஜினில் பிளக்குகள் மேலே தெரியவே இல்லை. கடையில் கேட்டால் இரண்டு வகைப் பிளக்குகளை இரண்டிரண்டாக எடுத்துக் கொடுக்கிறார்கள். எது எங்கே போகும், நான்கையும் ஒரே வகையாகப் போட்டால் என்ன ஆகும், எவ்வளவு இறுக்க வேண்டும், மாற்றிய பிறகும் மிஸ்ஸிங் (எரிப்புத் தவறுதல்) நிற்காவிட்டால் அடுத்து எதைப் பார்க்க வேண்டும் என்பவற்றை அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் மிகவும் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி 1: பட்டறைப் பழக்கம்

வணக்கம் நண்பரே. நீங்களே தாராளமாகச் செய்யலாம். முதல் முறை இரண்டு மணி நேரம் ஆகும். பழகிவிட்டால் ஒரு மணி நேரம் போதும். ஆனால் எது எங்கே என்ற கேள்விக்கு விடை தெரியாமல் ரெஞ்சைக் கையில் எடுக்க வேண்டாம் என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

உங்கள் ரெனிசிஸ் என்ஜினில் ரோட்டர்கள் இரண்டு, ஒவ்வொன்றும் 654 சிசி. ஒவ்வொரு ரோட்டருக்கும் லீடிங், டிரெய்லிங் என்று இரண்டு பிளக்குகள். கீழ் வரிசையில் இருப்பவை இரண்டும் லீடிங், மேல் வரிசையில் இருப்பவை இரண்டும் டிரெய்லிங். முன்பக்க ரோட்டர் 1ஆம் எண், பின்பக்கம் உள்ளது 2ஆம் எண். உங்கள் பி0302 இரண்டாவது ரோட்டரில் மிஸ்ஸிங் இருப்பதைக் குறிக்கிறது. என்ஜிகே தயாரிப்பில் லீடிங்குக்கு ஆர்இ7சி-எல், டிரெய்லிங்குக்கு ஆர்இ9பி-டி. கடைசி எழுத்தை மட்டும் மனதில் வைத்துக்கொண்டாலே போதும்: எல் என்றால் லீடிங், டி என்றால் டிரெய்லிங். நடுவிலுள்ள 7, 9 என்ற எண்கள் வெப்பத் தரத்தைக் குறிப்பவை. என்ஜிகே நிறுவனத்தின் முறைப்படி எண் கூடக் கூடப் பிளக் 'குளிர்ந்த' வகையாகும், அதாவது முனையில் சேரும் வெப்பத்தை விரைவாக ஹவுசிங்குக்கு (ரோட்டரைச் சூழ்ந்த உறைக்கு) கடத்திவிடும்.

இந்த வேறுபாடு வெறும் விற்பனைத் தந்திரம் அன்று. ரோட்டரின் மூன்று முனைகளிலும் இருக்கும் ஏபெக்ஸ் சீல்கள் ஹவுசிங்கின் உட்சுவரை உரசிக்கொண்டே பிளக் துளைகளைக் கடந்து செல்கின்றன. அந்தக் காரணத்தால் எந்தப் பிளக்கின் முனையும் சுவரைத் தாண்டி உள்ளே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. மேலும், டிரெய்லிங் துளையைச் சீல் கடக்கும் நேரத்தில் அதன் இரு பக்கத்து அறைகளுக்கும் இடையே அழுத்த வேறுபாடு அதிகமாக இருக்கும். துளை பெரிதாக இருந்தால் அழுத்தமேறிய வாயு அதன் வழியே அடுத்த அறைக்கு நழுவிவிடும். ஆகவே டிரெய்லிங் பிளக்குக்கு முன்னால் ஹவுசிங்கில் ஒரு சிறு துளை மட்டுமே விட்டிருக்கிறார்கள். லீடிங் பக்கத்தில் துளை அகலமானது. இரண்டு இடங்களுக்கும் தனித்தனியாக வடிவமைத்த பிளக்குகள் இவை. நான்கையும் ஒரே வகையாகப் போடுவது, மேலதைக் கீழும் கீழதை மேலும் மாற்றிப் போடுவது, இரண்டும் கூடாது.

இனி வேலைக்கு வருவோம். என்ஜின் முழுவதும் ஆறியிருக்க வேண்டும். இரவு நிறுத்திய வண்டியில் காலையில் செய்வது நல்லது. பிளக்குகள் என்ஜினின் இடது பக்கத்தில், தாழ்வாக இருக்கின்றன. இங்கிலாந்து வண்டியில் அது பயணி பக்கம். முன்பக்க இடது சக்கரத்தின் நட்டுகளைத் தரையில் இருக்கும்போதே சற்றுத் தளர்த்திவிட்டு, ஜாக்கியால் உயர்த்தி, ஆக்சில் ஸ்டாண்டில் வண்டியை உட்கார வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் கையையோ தலையையோ நீட்ட வேண்டாம். இந்த நாட்டில் குளிர்காலச் சாலைகளில் உப்புத் தூவுவதால் ஆர்எக்ஸ்-8இன் பக்கவாட்டு அடிச்சட்டம் துருப்பிடிக்கும். ஜாக்கி வைக்கும் இடத்தில் தகடு உறுதியாக இருக்கிறதா என்று முதலில் தட்டிப் பாருங்கள். சக்கரத்தைக் கழற்றியதும் சக்கர வளைவின் வழியாகவே ஒயர்களின் ரப்பர் தொப்பிகள் கண்ணுக்குத் தெரியும்.

ஒரே நேரத்தில் நான்கு ஒயர்களையும் பிடுங்கிவிடாதீர்கள். ஒன்றைக் கழற்றி, அந்தப் பிளக்கை மாற்றி, அதே ஒயரை மாட்டிய பிறகு அடுத்ததற்குச் செல்லுங்கள். நான்கு ஒயர்களுக்கும் நான்கு தனித்தனிக் காயில்கள் (பிளக்குக்கு உயர் மின்னழுத்தம் தருபவை) மேலே இருக்கின்றன. லீடிங்கும் டிரெய்லிங்கும் தீப்பொறி விடும் நேரம் வேறு என்பதால் ஒயர் இடம் மாறினால் புதிய பிளக் போட்டும் பயன் இருக்காது. ஒயரை இழுக்காமல் ரப்பர் தொப்பியைப் பிடித்துச் சற்றுத் திருகி எடுங்கள். பிறகு பிளக்கைச் சுற்றியுள்ள மண்ணையும் தூசியையும் காற்றால் ஊதி அகற்றுங்கள், ஏனென்றால் திறந்த துளைக்குள் விழும் ஒரு மணல் துகள் நேராக ஏபெக்ஸ் சீலின் பாதையில்தான் போய்ச் சேரும்.

சாக்கெட் 21 மில்லிமீட்டர் பிளக் சாக்கெட், அதனோடு 150 மில்லிமீட்டர் அளவில் ஒரு நீட்டிப்பு. ஹவுசிங் அலுமினியம், அதனால் புதிய பிளக்கைத் தொடக்கத்தில் ராட்செட்டால் திருகவே கூடாது. சிறிய ரப்பர் குழாய்த் துண்டு ஒன்றைப் பிளக்கின் மேல்முனையில் செருகி அதைக் கையால் திருகுங்கள். மரை கோணலாகப் பிடித்தால் குழாய் வழுக்கிக்கொண்டு சுழலும்; அது உங்களுக்குக் கிடைக்கும் எச்சரிக்கை. கடைசி வரை கையாலேயே இறங்கிய பிறகு டார்க் ரெஞ்சில் 13 முதல் 17 நியூட்டன் மீட்டருக்குள் இறுக்குங்கள். பிஸ்டன் என்ஜின்களில் பழகிய கைக்கு இது மிகவும் குறைவாகத் தோன்றும். தோன்றட்டும், கூடுதலாக ஒரு திருகு வேண்டாம். மரையில் மெல்லிய பூச்சாக ஆன்டி-சீஸ் (மரை இறுகிச் சிக்காமல் தடுக்கும் பசை) தடவுவது என் வழக்கம். முனைகளின் இடைவெளியைச் சரிசெய்யும் கருவியை இந்தப் பிளக்குகளுக்கு அருகில் கொண்டு வர வேண்டாம்; இரிடியம் முனை எளிதில் உடையக்கூடியது.

கழற்றிய பிளக்குகளில் எது எந்த இடத்திலிருந்து வந்தது என்று ஒரு அட்டையில் குறித்து வையுங்கள். அவற்றின் நிறம் பல சங்கதிகளைச் சொல்லும். படம் எடுத்துப் போடுங்கள், பார்த்துச் சொல்கிறோம்.

மறுமொழி 2: மெல்பர்ன் சுழல்

மேலே எழுதியவர் சொன்ன முறையில் எனக்கு மாற்றுக் கருத்து ஒன்றுதான், ஆனால் அது முக்கியமானது. ஆன்டி-சீஸ் தடவ வேண்டாம். என்ஜிகே பிளக்குகளின் மரையில் ஏற்கெனவே உலோக முலாம் பூசப்பட்டிருக்கிறது, கூடுதல் பூச்சுத் தேவையில்லை என்பதே அந்த நிறுவனத்தின் நிலைப்பாடு. மரையில் வழுவழுப்புக் கூடும்போது டார்க் ரெஞ்ச் அதே எண்ணைக் காட்டினாலும் பிளக் உண்மையில் அதைவிட அதிகமாக இறுகிவிடும். அலுமினிய மரையில் அதன் விளைவு என்ன என்பதை நான் பிறருடைய வண்டிகளில் பார்த்திருக்கிறேன்.

அதைவிட முக்கியமாக, பிளக் மட்டுமே காரணம் என்று எண்ணி நிம்மதியடைய வேண்டாம் என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஆர்எக்ஸ்-8இல் எனக்குத் தெரிந்தவரை மிஸ்ஸிங்குக்கு முதல் காரணம் இக்னிஷன் காயில்களே. நான்கு வீச்சுப் பிஸ்டன் என்ஜினில் ஒரு சிலிண்டருக்குத் தண்டின் இரண்டு சுற்றுகளுக்கு ஒருமுறைதான் எரிப்பு நிகழ்கிறது. இங்கே ரோட்டர் ஒருமுறை சுற்றுவதற்குள் மையத்தண்டு மூன்று முறை சுற்றிவிடுகிறது. ரோட்டருக்கு மூன்று முகங்கள் இருப்பதால் தண்டின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஓர் எரிப்பு. 9,000 சுற்றில் ஓடும்போது ஒவ்வொரு காயிலும் நொடிக்கு 150 முறை தீப்பொறி கொடுக்க வேண்டியிருக்கிறது. அதோடு அவை அமர்ந்திருக்கும் இடமும் வெப்பமானது. மாஸ்டா இந்தக் காயிலைப் பல முறை திருத்தி வெளியிட்டிருப்பதே போதிய சான்று. வாங்கும்போது பகுதி எண்ணின் கடைசியில் சி என்ற எழுத்துள்ள திருத்தத்தைக் கேளுங்கள்.

காயில் பலவீனமானால் இழப்பு அதோடு நிற்பதில்லை. எரியாத பெட்ரோல் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் (புகைக்குழாயில் நச்சு வாயுவைக் குறைக்கும் பகுதி) சென்று அங்கே எரியத் தொடங்கும். அது சிவக்கச் சூடாகி உள்ளே உருகி அடைத்துக்கொள்ளும். அடைபட்ட கன்வெர்ட்டரால் வெப்பம் வெளியேற முடியாமல் என்ஜினிலேயே தேங்கும், பக்கவாட்டுச் சீல்களுக்கும் அது நல்லதல்ல. காயில் விலையைப் போலப் பல மடங்கு செலவு இங்கிருந்துதான் தொடங்குகிறது. எச்சரிக்கை விளக்கு விட்டுவிட்டு எரியும்போது உடனே காலை எடுத்துவிடுங்கள். அந்த நிலையில் மோட்டார்வேயில் ஓட்ட வேண்டாம்.

சோதிக்கும் முறை எளிது. பிளக்குகளை மாற்றிய பிறகும் பி0302 திரும்ப வந்தால் இரண்டாவது ரோட்டரின் லீடிங் காயிலை முதல் ரோட்டரின் லீடிங் காயிலோடு இடம் மாற்றுங்கள். ஒயர்களும் இணைப்பிகளும் அந்தந்த இடத்திலேயே இருக்கட்டும். குறியீட்டை அழித்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். குறியீடு பி0301 ஆக மாறினால் குற்றவாளி அந்தக் காயில்தான். மாறாவிட்டால் ஒயரையும், அதன்பின் அழுத்தத்தையும் பார்க்க வேண்டும்.

மறுமொழி 3: பட்டறைப் பழக்கம்

ஆன்டி-சீஸ் பற்றி மெல்பர்ன் நண்பர் கூறியதை ஏற்கிறேன். நான் பழகியது முலாம் பூசாத பழைய பிளக்குகளோடு, அந்தப் பழக்கத்தை அப்படியே கொண்டுவந்து எழுதியிருக்கிறேன். மரையை உலர்வாகவே விடுங்கள். ரப்பர் தொப்பியின் உட்புறத்தில் மட்டும் மின்கடத்தாக் கிரீஸ் சிறிது தடவலாம், ஈரம் புகாது.

மறுமொழி 4: மூன்று முகம்

இந்த இழையில் இன்னும் யாரும் தொடாத ஒன்றைச் சொல்ல வந்தேன். நீங்கள் காலையில் நீண்ட நேரம் ஸ்டார்ட்டரைச் சுழற்ற வேண்டியிருப்பதாகக் குறிப்பிட்டிருக்கிறீர்கள். அது பிளக் நனைவதாலும் இருக்கலாம், அழுத்தம் குறைந்திருப்பதாலும் இருக்கலாம். இரண்டையும் பிரித்தறியாமல் பணம் செலவழிக்க வேண்டாம்.

முதலில் நனைதல். ரோட்டரி என்ஜினில் காற்று உறிஞ்சப்படும் பக்கம் ஒன்று, எரிப்பு நிகழும் பக்கம் வேறு. பிளக்குகள் இருக்கும் பகுதி எப்போதும் எரிப்பையே சந்திக்கிறது. பிஸ்டன் என்ஜினில் நடப்பதுபோலக் குளிர்ந்த புதிய கலவை வந்து அந்த இடத்தைத் தணிப்பதில்லை. இத்தனை குளிர்ந்த வகைப் பிளக்குகள் இங்கே தேவைப்படுவதற்கு அது முக்கியக் காரணம். ஆனால் குளிர்ந்த பிளக் என்பது நீண்ட ஓட்டத்துக்கு ஏற்றது. குளிரில் உயிர்ப்பித்து, வீட்டு வாசலிலிருந்து நிறுத்துமிடம் வரை பத்து மீட்டர் நகர்த்தி அணைத்துவிட்டால் அதன் மேல் படிந்த பெட்ரோல் ஆவியாகப் போதிய சூடு கிடைக்காது. அடுத்த முறை உயிர்ப்பிக்கும்போது பிளக் நனைந்து கிடக்கும். இந்த வண்டியை உயிர்ப்பித்தால் சூடேறும் வரை ஓட விட்டே அணைக்க வேண்டும் என்பதை வீட்டிலுள்ள மற்றவர்களுக்கும் சொல்லி வையுங்கள். நனைந்துவிட்டால் ஆக்சிலேட்டரை அடி வரை மிதித்துப் பிடித்தபடி ஸ்டார்ட்டரைச் சுழற்றுங்கள். அந்த நிலையில் கட்டுப்பாட்டுக் கணினி பெட்ரோல் தெளிப்பதை நிறுத்திவிடும், உள்ளே தேங்கியது வெளியேறும். ஒரே மூச்சில் பத்து நொடிக்கு மேல் சுழற்றாமல் இடையில் ஸ்டார்ட்டரை ஆற விடுங்கள்.

அடுத்து அழுத்தம். சாதாரண மானியை பிளக் துளையில் செருகிப் பார்ப்பவர்கள் உண்டு. அது மூன்று முகங்களில் அதிகமான ஒன்றை மட்டுமே காட்டும். ஒரு சீல் பழுதாகியிருந்தாலும் மானி நல்ல எண்ணையே காட்டி ஏமாற்றும். ரோட்டரிக்கென்றே உள்ள கருவி ஒவ்வொரு முகத்தையும் தனித்தனியாக அளந்து இரண்டு ரோட்டர்களுக்கும் சேர்த்து ஆறு எண்களைத் தரும். 250 சுற்றில் 830 கிலோபாஸ்கல் இருப்பது செம்மையான நிலை. 680க்குக் கீழே இறங்கக் கூடாது. ஒரே ரோட்டரின் முகங்களுக்கிடையே 150க்கு மேலும், ரோட்டர்களுக்கிடையே 100க்கு மேலும் வேறுபாடு இருக்கக் கூடாது. ஸ்டார்ட்டர் சுழலும் வேகத்தைப் பொறுத்து எண் கூடும், குறையும் என்பதால் அளந்த வேகத்தையும் கேட்டு வாங்கி 250 சுற்றுக்குத் திருத்திப் பார்க்க வேண்டும். வேகத்தைக் குறிப்பிடாத அறிக்கைக்குப் பணம் கொடுக்காதீர்கள். 61,000 மைல் ஓடிய வண்டியை வைத்திருக்கும் எவரும் ஒருமுறையாவது இந்தச் சோதனையைச் செய்தாக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

பிளக் நிறத்தைப் பற்றி ஒரு சொல். இந்த என்ஜின் ஏபெக்ஸ் சீல்களுக்காக வேண்டுமென்றே சிறிதளவு எண்ணெயை உள்ளே செலுத்தி எரிக்கிறது. பிஸ்டன் என்ஜின் பிளக்கில் சாம்பல் படிவைக் கண்டால் எண்ணெய் கசிகிறது என்று பதறுவோம். இங்கே மெல்லிய படிவு இயல்பானதே. ஈரமான கரி, அல்லது நான்கில் ஒன்று மட்டும் மற்றவற்றிலிருந்து மாறுபட்டிருப்பது, இவைதாம் கவனிக்கத் தக்கவை.

ரோட்டருக்கு இரண்டு பிளக் எதற்கு என்று பலர் கேட்பதுண்டு. எரிப்பறை நீண்டு ஒடுங்கிய பிறை வடிவில் இருப்பதோடு நகர்ந்துகொண்டும் இருக்கிறது, ஒரு முனையில் வைத்த தீ மறுமுனையை எட்டுவதற்குள் காலம் கடந்துவிடும். 1991இல் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் வென்ற மாஸ்டா 787பி காரின் நான்கு ரோட்டர் என்ஜினில் ரோட்டருக்கு மூன்று பிளக்குகள் வைத்திருந்தார்கள். அந்த முயற்சியை நினைக்கும்போதெல்லாம் இந்த என்ஜின் மீது எனக்கு மதிப்புக் கூடுகிறது.

கேட்டவர்: குளிர்நாட்டு எட்டு

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. சனிக்கிழமை காலை வேலையை முடித்தேன், எது எப்படி நடந்தது என்பதை வரிசையாக எழுதுகிறேன்.

ஜாக்கி வைக்கும் இடத்தில் தட்டிப் பார்க்கச் சொன்னது பெரிய உதவி. இடது பக்கத்தில் தகடு மேலோட்டமாகத் துருப்பிடித்திருந்தாலும் உறுதியாக இருந்தது. முதல் மூன்று பிளக்குகள் எளிதாகக் கழன்றன. பின்பக்க லீடிங் மட்டும் அசையவே இல்லை. வலுக்கட்டாயமாகத் திருகாமல் ஊடுருவும் எண்ணெயைத் தெளித்துவிட்டு அரை மணி நேரம் காத்திருந்தேன்; பிறகு சிறிது தளர்த்தி மீண்டும் சிறிது இறுக்கி, முன்னும் பின்னுமாக மெல்ல மெல்ல வெளியே கொண்டுவந்தேன். மரைக்குச் சேதமில்லை. நான்கு பிளக்குகளும் சரியான இடத்தில் சரியான வகையாகத்தான் இருந்தன. ஆனால் லீடிங் இரண்டிலும் முனைகள் நன்றாகத் தேய்ந்திருந்தன, பின்பக்கத்தது ஈரக் கரி படிந்து மற்ற மூன்றிலிருந்தும் தனித்துத் தெரிந்தது. ரப்பர் குழாய்த் துண்டால் திருகும் முறையில் டிரெய்லிங் ஒன்று முதல் முறை கோணலாகப் பிடித்தது. குழாய் வழுக்கியதும் நிறுத்தி, எடுத்து, மீண்டும் நேராக வைத்தேன். உலர்ந்த மரையில் 15 நியூட்டன் மீட்டர் வைத்து இறுக்கினேன்.

காலையில் உயிர்ப்பிப்பது உடனே மேம்பட்டது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஓட்டும்போது மேட்டில் ஏறுகையில் உதறல் மீண்டும் வந்தது, முன்னைவிடக் குறைவாக. குறியீடு அதே பி0302. உடனே காலை எடுத்துவிட்டு மெதுவாக வீடு திரும்பி, சொன்னபடி லீடிங் காயில்கள் இரண்டையும் இடம் மாற்றினேன். பத்து மைல் போவதற்குள் பி0301 வந்துவிட்டது. நான்கு காயில்களையும் சி திருத்தத்தில், ஒயர்களோடு சேர்த்து வரவழைத்து நேற்று மாலை பொருத்தினேன். இன்று காலை மூன்றாம் கியரில் 8,500 சுற்று வரை தடையின்றி ஏறியது, விளக்கு எரியவில்லை.

அழுத்தச் சோதனைக்கு ரோட்டரி வேலை மட்டும் செய்யும் ஒருவரிடம் அடுத்த வாரம் நேரம் வாங்கியிருக்கிறேன். ஆறு எண்களும் சுழற்சி வேகமும் கையில் கிடைத்ததும் இங்கே பதிவிடுகிறேன்.

மறுமொழி 5: மெல்பர்ன் சுழல்

மிகவும் மகிழ்ச்சி. பழைய காயில்களில் நல்ல நிலையிலுள்ள மூன்றையும் எறிந்துவிடாமல், எது எந்த இடத்தில் இருந்தது என்று எழுதி ஒட்டி டிக்கியில் வைத்துக்கொள்ளுங்கள். வழியில் ஒன்று போனால் வீடு வந்து சேர உதவும். எண்கள் வந்ததும் எழுதுங்கள்.